வெண்கோடுகள் நின்ற இடம்

ஓஸ்வால்டின் வயிற்றுக்குள் பால் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூடித்துக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. டாக்டர் வைத்தீஸ்வரன் கத்தியை வைத்துவிட்டு, குடலைச் சுருள் சுருளாக வெளியே எடுத்து ஈரத்துணியின் மேல் பரப்பினார். குடல் தனியாகத் தொங்குவதில்லை. முதுகுப் பக்கத்திலிருந்து விரியும் மெல்லிய சவ்வு ஒன்று, பாவாடைக் கொசுவம் போல, அதை நெடுகப் பிடித்துக்கொண்டிருக்கும். பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நிற்கிற ஜூடித் அந்தச் சவ்வில் இதுவரை பார்த்தது சிவப்புத் தமனி, கருநீலச் சிரை, இடையே மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு அதில் வேறொன்றும் இருந்தது. குடலின் விளிம்பில் கிளம்பி சவ்வின் அடிவாரம் வரைக்கும் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள். இரண்டு சேர்ந்து ஒன்றாகி, அது இன்னொன்றோடு சேர்ந்து தடித்து, அப்போதுதான் கறந்த பாலின் நிறத்தில் விளக்கடியில் மினுமினுத்தன.

அவள் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. பதினோரு வருடத்தில் அவள் கையிலிருந்து எதுவும் விழுந்ததில்லை.

"சார்," என்றாள்.

வைத்தீஸ்வரன் கோடுகளின் மேலேயே குனிந்திருந்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் இமைக்காமல் நின்றன. அவர் அந்த ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு மேல் வயிறு திறந்தவர். எதைக் கண்டும் கை நிற்காது என்று பெயரெடுத்தவர். இப்போது கை நின்றிருந்தது.

மேஜையில் படுத்திருந்தது ஜூடித்தின் சொந்தத் தம்பி. சொந்தக்காரர் ஆபரேஷனில் நர்ஸ் நிற்கக்கூடாது என்று மேட்ரன் முதலில் மறுத்தார். "வேற யாராவது நின்னா நான் வெளியில நின்னு செத்துப் போயிருவேன் மேட்ரன்" என்று ஜூடித் சாதாரணக் குரலில் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு மேட்ரன் விட்டுவிட்டார்.

ஓஸ்வால்டுக்கு இருபத்தாறு வயது. பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். இரண்டு வருடமாக வலது அடிவயிற்றில் வலி, நாளைக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். நூற்று முப்பது பவுண்டு இருந்தவன் தொண்ணூற்றிரண்டுக்கு வந்துவிட்டான். 1938இல் மெலிந்த ஓர் ஆளின் வலது அடிவயிற்றில் முடிச்சுபோல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால், எந்த டாக்டரும் ஒன்றைத்தான் சொல்வார்: குடலில் க்ஷயம், அதாவது காசநோய். மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். வைத்தீஸ்வரனும் சீட்டில் அதையே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறிதான் வீட்டுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

மர்பி டவுன் வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு வந்தது. எனாமல் டம்ளர் ஒன்றின் காதில் சிவப்பு நூல் கட்டி, அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று வைத்தார்கள். முன்பு ஒருமுறை வந்திருந்தபோது அந்த நூலைக் கட்டியவர் அவனுடைய மாமனார் ஆம்ப்ரோஸ். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல முடியாது. அங்கே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருமி இருமிக் குடும்பம் குடும்பமாகக் காலியானதைக் கண்ணால் பார்த்தவர். முந்தின நாள் வந்து இறங்கியபோதே அவர் ஜூடித்திடம் சொல்லிவிட்டார்.

"வயித்தத் தொறந்து பாக்கட்டும்மா. க்ஷயம் இல்லன்னா நான் கும்புடு போட்டுட்டுப் போறேன். க்ஷயம்தான்னா, அவன மதனப்பள்ளி சானடோரியத்துக்கு அனுப்புங்க. நான் மூணு மணி வண்டியில பியாவையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் வந்து பாக்கறது கீக்கறது எதுவும் கெடயாது."

பியா என்றால் பியாட்ரிஸ், ஓஸ்வால்டின் மனைவி. பிள்ளை மௌரீனுக்கு எட்டு மாதம். கயிறு கட்டிய டிரங்குப் பெட்டியோடு மூன்று பேரும் இந்த நிமிடம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்டிருக்கான்," என்றார் வைத்தீஸ்வரன், மெதுவாக. "பேஷன்ட் இன்னிக்குக் காலம்பற ஏதோ சாப்டிருக்கான்."

"இல்ல சார். நானே சொல்லிவெச்சேன். ராத்திரி பன்னெண்டுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி கூட..."

"நீ சொல்லிருப்பே. கோடு வேற சொல்றதே."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பியா குடுத்தா அக்கா. பாயா."

ஓஸ்வால்ட் விழித்துக்கொண்டுதான் இருந்தான். நெஞ்சு பலவீனமாக இருந்ததால் அவனுக்கு ஈதர் கொடுக்காமல் முதுகுத்தண்டில் ஊசி போட்டிருந்தார்கள். மார்புக்குக் கீழே மரத்துவிடும். தலை தெளிவாக இருக்கும். மார்பின் குறுக்கே கட்டிய துணித்திரைக்கு அப்பால், அவன் தலைமாட்டில், மயக்க மருந்து பார்க்கிற இளம் டாக்டர் சுந்தரராமன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்போ குடுத்தா?" என்றாள் ஜூடித்.

"சாமி வந்து நன்மை குடுத்துட்டுப் போனாரு இல்ல, அதுக்கப்புறம். ஆறே முக்கால் இருக்கும்."

"பாயான்னா என்ன?" என்றார் வைத்தீஸ்வரன்.

"ஆட்டுக்கால் சூப் சார்," என்றார் சுந்தரராமன். "ராத்திரி பூரா அடுப்புல கெடக்கும். மேல அரை விரலுக்குக் கொழுப்பு மெதக்கும்."

"உமக்கு எப்படிய்யா தெரியும்?"

"ஹாஸ்டல்ல இருந்தேன் சார்."

"ரெண்டு கிண்ணம் டாக்டர்," என்றான் ஓஸ்வால்ட் திரைக்குப் பின்னாலிருந்து. "எலும்புக்குள்ள இருந்ததையும் உறிஞ்சிட்டேன். நாலு மாசமா கஞ்சித்தண்ணியும் ஆரோரூட்டும்தான் குடுத்தீங்க. கோச்சுக்காதீங்க."

பியாட்ரிஸ் சொன்னதைக் கேட்காத பெண் இல்லை. சொன்னதை அப்படியே செய்கிறவள். அவளுக்குச் சொன்ன விதம் ஜூடித்துக்கு நினைவு வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பட்டினி ஏன் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லாமல், "நன்மை வாங்கறதுக்குப் பட்டினி இருப்போம் இல்ல பியா, அதே மாதிரி. பன்னெண்டு மணியில இருந்து பல்லுல தண்ணி படக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். கத்தோலிக்க வீட்டில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நள்ளிரவிலிருந்து விரதம். காலைப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம். வாங்கியானதும் விரதம் முடிந்தது. கோயிலைவிட்டு வந்ததும் சூடாக ஏதாவது வயிற்றுக்குப் போகவேண்டும். பியாட்ரிஸ் பிறந்ததிலிருந்து அப்படித்தான் செய்துவந்தாள். காலை ஆறரைக்குப் பங்குச் சாமியார் வார்டுக்கே வந்து ஓஸ்வால்டுக்கு நற்கருணை கொடுத்தார். மரியாதைக்காக வார்டு நர்ஸ் கட்டிலைச் சுற்றித் துணியை இழுத்துவிட்டு நகர்ந்தாள். அந்தத் துணிக்குள் பியாட்ரிஸ், ஒரு கடமையையும் விடாதவள், தூக்குப்பாத்திரத்தைத் திறந்திருக்கிறாள்.

தப்பு அவளுடையதல்ல. என்னுடையது. ஜூடித்துக்கு இது தெரிந்த அதே கணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அதைச் சுந்தரராமன் வாய்விட்டுச் சொன்னார்.

"சார், அப்போ ஈதர் கெடையாது."

முதுகு ஊசி ஒன்றேகால் மணி நேரம் தாங்கும். வேலை நீண்டால் ஈதர் கொடுத்து மயக்கலாம் என்பதுதான் திட்டம். வயிற்றில் ஆகாரம் இருக்கும்போது மயக்கினால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கி ஆளையே கொன்றுவிடும். ஊசி போட்டது ஒன்பது ஐம்பத்தைந்துக்கு. சுவர்க்கடிகாரத்தில் இப்போது பத்து இருபது.

ஆனால் வைத்தீஸ்வரன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்தது என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். குடலுக்கு வந்துபோகும் குழாய்கள் மூன்று வகை. தமனி இரத்தத்தைக் கொண்டுவரும். சிரை திருப்பி எடுத்துப் போகும். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. இரத்தக் குழாய்களிலிருந்து எப்போதும் கொஞ்சம் நீர் கசிந்து சதைக்குள் தேங்கும். அந்தக் கசிவை வாரிக்கொண்டு போவதற்கென்றே கண்ணாடிபோல மெலிந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடுவது நிணநீர். வழியில் நிணநீர் முடிச்சுகள், சுங்கச் சாவடிபோல, வருவதைச் சோதித்து அனுப்பும். கடைசியில் எல்லாம் ஒரே குழாயாகி, முதுகெலும்பை ஒட்டி ஏறி, கழுத்தடியில் இரத்தத்தில் கலந்துவிடும். குடலில் இந்தக் குழாய்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தின்ற கொழுப்பை இரத்தம் நேராக எடுத்துக்கொள்வதில்லை. அது பொடிப்பொடித் துளிகளாகி நிணநீரில்தான் ஏறும். அதனால் கொழுப்புச் சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழாய்கள் பாலாக நிரம்பி வெளுத்துக் காட்டும். பட்டினி கிடந்த வயிற்றில் அவை வெறும் கண்ணாடி.

பெங்களூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். இந்த ஊர் ஏரிகள் தனித்தனி ஏரிகள் இல்லை. ஒன்று நிரம்பி வழிந்தால் கால்வாய் வழியாக அடுத்ததற்குப் போகும், அது அதற்கடுத்ததற்கு. கால்வாய் தூர்ந்துபோனால், மழை பெய்யாவிட்டாலும் மேட்டு ஏரிக்கரையெல்லாம் சேறாகிக் கிடக்கும். குடலின் கால்வாய்கள்தான் இந்த வெள்ளைக் கோடுகள்.

"எல்லாரையும் பட்டினி போட்டுப் போட்டு," என்றார் வைத்தீஸ்வரன், யாரிடமும் சொல்லாததுபோல, "நாமளே இதை மறைச்சு வெச்சிருக்கோம்."

அவர் குடலை விரலால் தள்ளித் தள்ளி வலது பக்கமாகப் போனார். இடப்பக்கத்தில் கோடுகள் நேராக, ஒழுங்காக, சீப்புப் பற்களைப்போல இருந்தன. வலது அடிவயிற்றை நெருங்க நெருங்க அவை தடித்தன. முறுக்கிக்கொண்டன. மணி கோத்ததுபோல் இடையிடையே புடைத்தன. குடல் தோல்குழாய்போல விறைத்துச் சிவந்திருந்த இடத்தில், சவ்வின் கொழுப்பு விரல் விரலாக ஏறிக் குடலைக் கவ்விப் பிடித்திருந்தது. அங்கே கோடுகள் நின்றுவிட்டன. மெல்லத் தேய்ந்து மறையவில்லை. மதகு அடைத்ததுபோல அப்படியே நின்றன. நின்ற இடத்தில் ஒன்று வெடித்து, வெள்ளையாக ஒரு துளி ஊறி வந்தது. அவர் துணியால் ஒற்றினார். மறுபடி ஊறியது.

"ஏசுவே," என்றாள் ஜூடித். அவள் தியேட்டருக்குள் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லடா. பேசாம படு."

"ஒண்ணுமில்லன்னு சொல்ற கொரலா அது?"

கோடுகள் நின்ற இடத்துக்கு அப்பால் நிணநீர் முடிச்சுகள் பெரிய நெல்லிக்காய் அளவில் ஐந்தாறு திரண்டு கிடந்தன. க்ஷய முடிச்சுகளை அவள் எண்ணமுடியாத அளவு பார்த்திருக்கிறாள். வெளியே இப்படியேதான் வீங்கியிருக்கும். அறுத்தால் உள்ளே கட்டித் தயிர்போல வெண்மஞ்சளாக உதிரும். அந்தத் தயிரைப் பார்த்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. மதனப்பள்ளி, மூணு மணி வண்டி, டிரங்குப் பெட்டி.

"ஒண்ணு எடுத்துப் பாப்போம்," என்றார் வைத்தீஸ்வரன்.

முடிச்சு கிண்ணத்தில் வந்து விழுந்தது. அவர் கத்தியை நீட்டிக் கேட்டார். ஜூடித் கொடுத்தாள். கொடுத்த கையோடு கண்ணை மூடிக்கொண்டாள். கத்தி எனாமலில் உரசும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வெளியே தூறல் மட்டும்.

"ஜூடித். கண்ணைத் தெற."

திறந்தாள். முடிச்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, மிருதுவாக, ஈரமாக இருந்தது. ஓரத்தில் பாயாவின் கொழுப்பு ஒரு சொட்டு. தயிர் இல்லை.

"இன்னொண்ணு," என்றார். இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதும்.

அவர் நிமிர்ந்தார். கத்தியைத் தட்டில் வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பேப்பர் படிச்சேன். அமெரிக்காவுல நாய்க்கு, குடல்லேர்ந்து போற இந்தக் குழாயை மட்டும் மருந்து போட்டு அடைச்சுப் பாத்திருக்கா. கிருமி கொடுக்கலை, ஒண்ணும் பண்ணலை. கொஞ்ச நாள்ல குடல் இப்படியே வெறைச்சுத் தடிச்சுப் போச்சாம். நான் படிச்சுட்டு, நாய்க்குத்தானேன்னு மூடி வெச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "க்ஷயமும் குழாயை அடைக்கும். ஆனா க்ஷயம்னா முடிச்சு இப்படி இருக்காது."

"சார், பத்து முப்பத்திரண்டு," என்றார் சுந்தரராமன்.

முடிவெடுக்க வேண்டியது இப்போதுதான். க்ஷயம் என்றால் கெட்ட குடலை உள்ளேயே விட்டுவிட்டு, மேலே உள்ள நல்ல குடலையும் கீழே உள்ள நல்ல குடலையும் பக்கவாட்டில் தைத்து ஒரு குறுக்குவழி போட்டால் போதும். அரைமணி வேலை, ஆபத்துக் குறைவு. அதைத்தான் செய்வதாக இருந்தார்கள். க்ஷயம் இல்லையென்றால் கெட்டதை வெட்டி எடுத்துவிடுவதுதான் மேல், ஆனால் எடுத்தது போதவில்லையானால் தையல் பிடிக்காது. அதிகம் எடுத்தால் ஆள் தாங்கமாட்டான். எங்கே வெட்டுவது என்பது எப்போதும் ஊகம். வெளிப்பார்வைக்கு நல்லதாகத் தெரிகிற குடலும் உள்ளே கெட்டிருக்கும்.

இன்றைக்கு ஊகம் தேவைப்படவில்லை. கோடு எங்கே தடிக்க ஆரம்பித்ததோ அதற்கு நான்கு விரல் முன்னால், கோடுகள் சீப்புப்பற்களைப்போல நேராக ஓடிய இடத்தில், வைத்தீஸ்வரன் கவ்வியைப் போட்டார்.

"இந்தாப்பா ஓஸ்வால்ட்," என்றார் திரையைப் பார்த்து. "நீ சாப்ட பாயா எனக்கு வழி காட்டறது. வாந்தி வந்தா முன்னாடியே சொல்லு, அடக்காதே."

"இப்பவே வருது டாக்டர்."

சவ்வை இழுத்தால் குமட்டும். சுந்தரராமன் அவன் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் கிண்ணத்தைப் பிடித்தார். பாயாவில் பாதி அங்கே வந்தது. ஜூடித் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். கவ்வி, நூல், கத்தரி, துணி. கேட்பதற்கு முன்னால் அவள் கை அங்கே இருந்தது. ஒன்றரை அடிச் சிறுகுடலும், அது பெருங்குடலில் சேரும் முனையும், அவற்றைப் பிடித்திருந்த விசிறிச் சவ்வும், முடிச்சுகளும், நின்றுபோன கோடுகளும் ஒரே துண்டாகத் தட்டுக்கு வந்தன. கனத்தன. நல்ல குடலின் முனைகளைச் சேர்த்துத் தைக்கத் தொடங்கியபோது பதினொன்றாகப் பத்து நிமிடம்.

பதினொன்று எட்டுக்கு ஓஸ்வால்ட் சொன்னான்:

"அக்கா, கால் கட்டைவிரல் தெரியுது."

ஊசியின் மரப்பு விடத் தொடங்கிவிட்டது. குடல் தையல் முடிந்திருந்தது. வயிற்றுச் சுவர் முழுக்க பாக்கி. வைத்தீஸ்வரன் தோலின் ஓரம் நெடுக மரப்பு மருந்தைக் குத்திக்கொண்டே தைத்தார். கடைசி ஆறு தையல் அவனுக்குத் தெரிந்தது. அவன் கத்தவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் பார்சல் ஆபீஸ் தலைமைக் கிளார்க்கின் பெயரைச் சொல்லி ஒரு வசவு வைதான். ஆறாவது வசவைக் கேட்டுச் சுந்தரராமனே காதைப் பொத்திக்கொண்டார்.

வராந்தாவுக்கு ஜூடித் வந்தபோது பியாட்ரிஸ் எழுந்து நின்றாள். அவள் தோளில் மௌரீன் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தூக்குப்பாத்திரம், கழுவித் துடைத்து, மூடியிருந்தது.

"உசுரோட இருக்காரா அண்ணி?"

"இருக்கான். பேசறான். வையறான்."

பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் சொன்னேன் இல்லப்பா? வயித்த ரொப்பி அனுப்பினா தாங்குவாருன்னு."

"பியா," என்றாள் ஜூடித். சொல்லாமல் விட்டால் தன் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. "பட்டினி நன்மைக்காக இல்ல. ஆபரேஷனுக்காக. முடியற வரைக்கும் ஒண்ணும் குடுக்கக்கூடாது. மயக்க மருந்து குடுத்திருந்தா அந்தப் பாயாவே அவன் மூச்ச அடைச்சிருக்கும்."

பியாட்ரிஸின் முகம் வெளிறியது. குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். தூக்குப்பாத்திரத்தைப் பார்த்தாள். யாரோ அந்நியர் கொண்டுவந்து வைத்ததைப்போல அதைக் காலால் தள்ளினாள்.

"நானே என் கையால..."

"நீ இல்ல. நான்தான் நன்மை மாதிரின்னு சொன்னேன். நன்மை முடிஞ்சா என்ன பண்ணுவோம்? நீ அதப் பண்ணினே. முழுசா கேளு." ஜூடித்தும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சீருடையோடு நர்ஸ் தரையில் உட்கார்ந்ததை மேட்ரன் பார்த்திருந்தால் வேலையே போயிருக்கும். கோடுகளைப் பற்றிச் சொன்னாள், நின்ற இடத்தைப் பற்றிச் சொன்னாள், முடிச்சைப் பற்றிச் சொன்னாள். பியாட்ரிஸ் பாதியில் நிறுத்தி, "என் பாயா வெள்ளையா தெரிஞ்சிச்சா? உள்ள?" என்று கேட்டாள். தெரிந்தது என்றதும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

ஆம்ப்ரோஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் வைத்தீஸ்வரன் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"டாக்டரய்யா. க்ஷயம் இல்லன்னு எழுதித் தருவீங்களா?"

"தரமாட்டேன்."

ஆம்ப்ரோஸ் பெட்டியின் கயிற்றைப் பிடித்தார்.

"எடுத்ததை மெலிசா சீவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாக்கணும். அஞ்சு நாள் ஆகும். கண்ணுக்கு க்ஷயம் மாதிரி தெரியலை, அவ்வளவுதான் இன்னிக்குச் சொல்வேன். அது இல்லேன்னாலும் இந்த வியாதி லேசு கெடையாது. குழாய் அடைஞ்சு குடல் வீங்கித்தா, குடல் வீங்கிக் குழாய் அடைஞ்சுதா, எனக்கே தெரியாது. திரும்ப வரலாம். வந்தாலும் ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டாது."

"அஞ்சு நாள்," என்றார் ஆம்ப்ரோஸ். "வண்டி மூணு மணிக்கு."

"நான் வரலப்பா," என்றாள் பியாட்ரிஸ், முகத்தை நிமிர்த்தாமல். "இன்னிக்கு இல்ல. இன்னிக்கு அவருகிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

அவர் மூன்று மணி வண்டியை விட்டார். மறுநாள் வண்டியையும் விட்டார். ஆனால் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவில்லை. தினம் காலையில் அதை மர்பி டவுனிலிருந்து தூக்கிவந்து வராந்தாவில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். மௌரீனை வார்டுக்குள் விடவில்லை. வீட்டிலிருந்து வந்த ஓஸ்வால்டின் சிவப்பு நூல் டம்ளரை ஜூடித்தே கழுவித் தனியாக வைத்தாள். மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் ஏறியது; தையல் விட்டதோ என்று அவள் சாப்பிடாமல் கிடந்தாள்; நான்காம் நாள் தானாக இறங்கியது.

ஆறாம் நாள் காலையில் வைத்தீஸ்வரன் ஒரு தாளோடு வந்தார். கட்டிலருகே பியாட்ரிஸ் நின்றாள். ஆம்ப்ரோஸ் குழந்தையோடு வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"க்ஷயக் கிருமி ஒண்ணு கூட இல்லை. பன்னெண்டு துண்டு பாத்திருக்கா," என்றார். "நிணநீர்க் குழாய் ஒவ்வொண்ணும் ஊதிப் பெருத்து, உள்ளேயும் சுத்தியும் செல்லெல்லாம் அடைச்சு நிக்கறதாம். தயிர்க்கட்டி எங்கேயும் இல்லை." தாளை ஜூடித்திடம் நீட்டினார். "சீட்டுல நான் எழுதினதை நீயே அடிச்சுடு."

ஜூடித் பேனாவை எடுத்தாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய சீட்டில் க்ஷயம் என்றிருந்ததன் மேல் கோடு இழுத்தாள். கேள்விக்குறியையும் சேர்த்து அடித்தாள்.

ஓஸ்வால்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணின் ஓரத்திலிருந்து காதுக்குள் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஆம்ப்ரோஸ் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். குழந்தையைக் கட்டிலில் அவன் கைக்குள் கிடத்தினார். பக்கத்து ஸ்டூலில், அவன் பாதி குடித்து வைத்த பார்லித் தண்ணீர், சிவப்பு நூல் கட்டிய எனாமல் டம்ளரில் இருந்தது. அவர் அதை எடுத்தார். வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத ஜூடித்துக்குத் திடீரென்று பசித்தது.

"தாகமா இருந்திச்சு," என்றார் ஆம்ப்ரோஸ், டம்ளரின் காதிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டே. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.